முழுத் தடையா, குறைந்தபட்ச விலையா?

பீகார் 2016 ஏப்ரலில் மதுக்கடைகளையே மூடியது. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் கடைகளைத் திறந்தே வைத்துக்கொண்டு, 10 மில்லி சுத்தமான ஆல்கஹாலுக்கு 50 பென்சுக்கு (அரை பவுண்டுக்கு)க் கீழே யாரும் விற்கக் கூடாது என்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது.

பீகாரை எடுத்த எடுப்பில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தத் தடையைக் கேட்டு வாங்கியவர்கள் குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபட்டுக் களைத்த பெண்கள். 2024-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அடிக்கடி குடிப்பவர்கள் 24 லட்சம் பேர் குறைந்திருக்கலாம், கணவனின் வன்முறையிலிருந்து 21 லட்சம் பெண்கள் தப்பியிருக்கலாம் என்று கணக்கிடுகிறது. ஆனால் தடைக்கு இன்னொரு முகம் உண்டு, கள்ளச்சாராயம். 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் குடித்துப் பல பேர் செத்தார்கள், சிலருக்குக் கண்பார்வை போனது. கைதாகிச் சிறைக்குப் போனவர்களிலும் பெரும்பாலோர் ஏழைகள்தான்.

ஸ்காட்லாந்தில் அடி விழுந்தது மலிவான, காட்டமான சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது) மாதிரி சரக்குகளுக்கு. இந்த விலைச் சட்டம் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைவிட, மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட மரணங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்தன என்று கணக்கிடப்பட்டது, அந்தக் குறைவும் ஏழைப் பகுதிகளில்தான் அதிகம். ஆனால் குடிக்கு அடிமையானவர்களில் சிலர் சாப்பாட்டுக் காசைக் குறைத்து பாட்டில் வாங்கினார்கள். விலை மட்டும் அவர்களைக் காப்பாற்றாது, சிகிச்சை வேண்டும். 2024 செப்டம்பரில் அந்த விலையை 65 பென்ஸ் ஆக்கினார்கள்.

என்னைக் கேட்டால் விலைதான். அதற்கு யாரையும் சிறையில் போட வேண்டியதில்லை.