வீட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக் கிண்ணம்: எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது

ஹெரோயின் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்றுவரும் என் தம்பிக்காக, வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து பாமசி ஒன்றில் போதைப்பொருள் பரிசோதனைக் கிண்ணங்களை வாங்கி, சில மாதங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். குடு, அதாவது ஹெரோயின், எடுத்தானா என்ற கேள்விக்கு இது நல்ல விடை தருகிறது. வேறு ஏதாவது எடுத்தானா என்று கேட்டால், இதன் விடையை நம்பியிருப்பது ஆபத்தானது.

கிண்ணத்தின் பக்கவாட்டில் மோர்ஃபின், ஐஸ் (மெத்தம்பெட்டமின்), கஞ்சா, கொக்கெய்ன், பென்சோடயசிபைன் வகைத் தூக்கக் குளிசைகள் ஆகியவற்றுக்கென ஐந்து பட்டைகள் உள்ளன. வெளியே ஒட்டப்பட்டிருக்கும் வெப்பமானி, கொடுக்கப்பட்டது அப்போதே கழித்த சிறுநீர்தானா என்பதைக் காட்டிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் கோடு விழுந்தால் அந்தப் பொருள் இல்லை, விழாவிட்டால்தான் இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு நேர்மாறான இந்த முறையால், முதல் நாள் கோட்டைக் கண்டதும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். மங்கலான கோடும் கோடுதான் என்ற விளக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே, மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது.

ஹெரோயின் உடலுக்குள் மோர்ஃபினாக மாறுவதால் அந்தப் பட்டை அதைப் பிடித்துவிடுகிறது. வலிக்காக விழுங்கும் கொடீன் குளிசையும் மோர்ஃபினாக மாறுவதால் அதே முடிவு வரலாம். ஹெரோயினைப் போலவே செயற்பட்டாலும் வேதியியல் அமைப்பு வேறான ட்ரமடோல், பென்டனில், நைட்டசீன் ஆகியவற்றுக்கு இந்தப் பட்டை பொதுவாக அசைவதில்லை. நைட்டசீன்கள் 1950களில் சுவிட்சர்லாந்தின் மருந்து நிறுவனமொன்றில் வலிநிவாரணிகளாக உருவாக்கப்பட்டு, விற்பனைக்கு வராமலே கைவிடப்பட்டவை. அண்மைய ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஹெரோயினிலும் போலிக் குளிசைகளிலும் கலந்து உயிர்களைப் பறித்துவருகின்றன. செயற்கைக் கஞ்சா வகைகளும் கஞ்சாப் பட்டையில் தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் எளிமையானது. "குடு தொடேல்லை அக்கா, நீங்களே பாருங்கோ" என்று தம்பி கிண்ணத்தை நீட்டினான். ஐந்து கோடுகளும் தெளிவாக இருந்தன, அவன் சொன்னதும் உண்மையே. ஆனால் பேச்சுக் குழறியது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அடுத்த சந்திப்பில் அவனுடைய வைத்தியர், கடிந்துகொள்ளாமல், வேறு என்ன குளிசை போடுகிறாய் என்று கேட்டபோதுதான் ப்ரீகபலின் வெளியே வந்தது. நித்திரை வராத இரவுகளுக்கும் கால் உளைச்சலுக்கும் ஒரு நண்பன் கொடுத்ததாம். இது நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் எழுதிக்கொடுக்கப்படும் மருந்து. ஹெரோயின், மோர்ஃபின் போன்ற ஓபியோயிட் பொருள்களுடன் சேரும்போது மூச்சை அடக்கிவிடும் என்று 2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஓபியோயிட் அளவு மீறி மூச்சு மந்தமாகும்போது கொடுக்கப்படும் நலொக்சோன் என்ற மருந்து, ஓபியோயிட்டின் விளைவை மட்டுமே மாற்றும். ப்ரீகபலினுக்கு அது வேலை செய்யாது. சில வாரம் குடுவை விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "சுத்தம்" என்று காட்டும் ஒரு கிண்ணம் வீட்டாரின் கண்ணை எவ்வளவு எளிதாகக் கட்டிவிடுகிறது என்பது விளங்கும்.

ஐஸ் பட்டை இருப்பதற்காகவே இதை வாங்கலாம் என்பது என் கருத்து, ஏனெனில் குடுவை விட்டவர்கள் ஐஸுக்கு மாறுவதைச் சிகிச்சை நிலையத்தில் மற்றக் குடும்பங்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாங்குமுன் எந்தெந்தப் பட்டைகள் இருக்கின்றன என்று உறையைப் பார்த்துக் கேளுங்கள். ப்ரீகபலின், ட்ரமடோல், பென்டனில் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டைகள் தயாரிக்கப்படுகின்றன என்றாலும், நான் விசாரித்த கடைகளில் அவை இருக்கவில்லை. கோடுகள் எல்லாம் விழுந்திருந்தும் ஆள் தள்ளாடினால் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். மூச்சு மந்தமாகி, எழுப்பியும் எழும்பாவிட்டால் கிண்ணத்தைத் தேடாமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கம் இருக்கிறது.