12 வருடம், 7 நோட்டு: படித்ததை எழுதிவைத்த அனுபவம்

பழைய வாசிப்பு நோட்டுகளை எல்லாம் போன மாதம் எடுத்து முதலிலிருந்து படித்தேன். 12 வருடத்தில் 7 நோட்டு. 430 சொச்சம் புத்தகங்களைப் பற்றிய குறிப்புகள். அவற்றில் பாதியைப் பிறகு மதிப்புரையாக விரித்து எழுதியிருக்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு என்ன கொடுத்தது, எதில் கைவிட்டது என்று சொல்லும் அளவுக்குக் காலம் ஆகிவிட்டது.

மூன்றாவது நோட்டில் ஒரு நாவலைப் பற்றி "பாத்திரப் படைப்பு அபாரம், கட்டாயம் படிக்க வேண்டியது" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருக்கிறேன். எந்தப் பாத்திரம்? என்ன செய்தார்? ஒன்றும் நினைவில்லை. நாலு பக்கம் தள்ளி இன்னொரு நாவல். அதற்குப் பாராட்டு ஒரு வரிகூட இல்லை. "பக். 61: பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடும்போது செத்துப்போன தம்பியின் பெயரை எழுதிவிடுகிறார். அடித்துத் திருத்தவில்லை. தபால்காரரும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை." இவ்வளவுதான். இதைப் படித்ததும் அந்த நாவல் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. வாசல்படி, பேனா, அந்தக் குடும்பத்தின் சொத்துத் தகராறு எல்லாம்.

7 நோட்டிலும் இதேதான். நான் சொன்ன தீர்ப்புகள் வெளுத்துப் போயிருக்கின்றன. புத்தகத்தில் என்ன இருந்தது என்று எழுதிவைத்தவை அப்படியே இருக்கின்றன. ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட்டதும் இப்படித்தான். முதல் ஐந்து வருடத்தில் முக்கால்வாசிப் புத்தகங்களுக்கு நாலு போட்டிருக்கிறேன். என்னை உலுக்கிய புத்தகத்துக்கும் நாலு, பயணத்தில் பொழுதுபோகப் படித்ததற்கும் நாலு. ஆறாவது வருடம் அதை நிறுத்தினேன். ஒரு நாளும் அதைத் தேடியதில்லை.

எழுதும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கடைசிப் பக்கத்தை மூடிய சூட்டோடு மதிப்புரை எழுதி முடித்துவிடுவேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. கதை அசைகளைப் போல அவ்வளவு சீக்கிரம் நழுவாது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு புத்தகத்துக்கு இரண்டு குறிப்பு எழுதத் தொடங்கினேன். முடித்த அன்றே பெயர்கள், பக்க எண்கள், மேற்கோள்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், மனதில் நிற்பது என்ன என்று இன்னொன்று. இந்த இரண்டாவது குறிப்புதான் மதிப்புரைக்கு முதுகெலும்பு. முடித்த அன்று கொண்டாடிய திருப்பம் பல சமயம் அதில் இருக்காது. கண்டுகொள்ளாமல் கடந்துபோன ஒரு பெரியம்மாவின் பேச்சு இருக்கும்.

மேற்கோளை அன்றே எழுத வேண்டும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு எழுத்தாளரின் முதல் நாவலைக் கடுமையாக விமர்சித்து எழுதினேன். அவரிடமிருந்து இரண்டே வரியில் கடிதம் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துவிட்டதாக நான் எழுதியிருந்த அக்கா, ஒன்பதாம் அத்தியாயத்தில் கல்யாணத்துக்கு வந்து பேசுகிறாள் என்றார். புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. கோபமே இல்லாத அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. திருத்தம் எழுதினேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் என் மதிப்புரையைப் படித்துவிட்டு அந்த நாவலை ஒதுக்கியவர்களை எங்கே போய்த் தேடுவது? அது இன்றும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு குறை சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் இல்லாமல் நான் எழுதியதில்லை.

பக்க எண் இன்னொரு விதத்திலும் கை கொடுத்தது. ஒரு சிறுகதைத் தொகுப்பில், ஒரே கதைக்கு ஒரே உட்காரலில் எடுத்த இரண்டு குறிப்புகள்: ஒன்று பக். 112, அடுத்தது பக். 129. எண்களைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். நடுவில் 16 பக்கம் இல்லை. அச்சில் 16 பக்கம் ஒரு பாரம்; பைண்டிங்கில் அடுக்கும்போது எட்டாவது பாரம் விடுபட்டிருக்கிறது. அது தெரியாமல் "கதை சட்டென்று தாவுகிறது" என்று குறிப்பில் எழுதிவைத்திருந்தேன். வேறு பிரதி வாங்கிப் படித்த பிறகுதான் மதிப்புரை எழுதினேன். அது தாவாத கதை. அந்தத் தொகுப்பிலேயே சிறந்த கதையும்கூட.

மின்வாசிப்புக் கருவியில் 8 வருடமாகப் படிக்கிறேன். மின்மை (e-ink) திரை காகிதம் போல வெளிச்சத்தைத் திருப்பித் தருவது, கண்ணுக்கு இதம். பக்கம் மாறும்போதுதான் திரை மின்சாரம் எடுக்கும், அதனால் சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். படிக்க நல்ல கருவி. குறிப்பெழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு: எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் பக்கங்கள் இடம்மாறிவிடும். இதனால் ஒரு வருடக் குறிப்புகள் எனக்குப் பயனில்லாமல் போயின. இப்போது அத்தியாய எண்ணோடு, அந்த வரியின் முதல் மூன்று சொற்களையும் எழுதுகிறேன். தேடினால் உடனே கிடைக்கிறது.

பதிப்பகங்கள் இலவசமாக அனுப்பும் பிரதிகளை மூன்று வருடம் வாங்கினேன், பிறகு வேண்டாம் என்றுவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தியதில்லை. இருந்தாலும் அந்த மூன்று வருடத்து மதிப்புரைகளை இப்போது படித்தால், குறை சொல்ல வரும் இடத்திலெல்லாம் வாக்கியம் இளகி நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்திடம் நான் இப்படிக் குழையவில்லை.

எட்டாவது நோட்டு தொடங்கியாயிற்று. இதில் இடது பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். வலது பக்கம் மறுவாசிப்புக்கு. பழைய நோட்டிலிருந்து முதலில் எடுத்தது அந்தத் தபால் நாவல். பக். 61ஐத் திறந்தேன். தபால்காரர் பேசுகிறார். "இருக்கட்டும் ஐயா" என்று இரண்டே வார்த்தை. 9 வருடத்துக்கு முன்னால் எப்படியோ தவறவிட்டிருக்கிறேன். வலது பக்கத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.