முதல் காரின் குரோம்: பேர்-மெட்டல் ஃபாயிலா, மோலோடோவ் பேனாவா?

தங்களிடம் இருந்த முதல் காரை 1:24 அளவில், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாடலாகச் செய்யத் தொடங்குகிறவர்கள் சரியான பெயிண்ட் நிறத்துக்காகத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நிறம் கச்சிதமாக அமைந்த பிறகும் மாடல் பொம்மைக் கார் மாதிரியே தெரிந்தால், பெரும்பாலும் காரணம் குரோம்தான். கண்ணாடிகளைச் சுற்றி ஓடும் பட்டை, கூரை ஓரத்து மழைநீர்க் காடி, ஹெட்லைட் வளையம், பம்பர், ஹப்கேப், டிக்கி மேல் உள்ள பெயர் எழுத்து என்று பழைய கார்களில் பளபளப்பு இல்லாத பக்கமே கிடையாது. அத்தனையையும் பிரஷ்ஷால் சில்வர் பெயிண்ட் தீட்டி முடித்தால் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்.

இதற்குக் கடைகளில் கிடைப்பவற்றில் இரண்டு பொருள்கள் உண்மையிலேயே வேலைக்கு ஆகும். ஒன்று பேர்-மெட்டல் ஃபாயில்: பின்பக்கம் பசை பூசிய, மிக மெல்லிய உலோகத் தாள். இன்னொன்று மோலோடோவ் லிக்விட் குரோம்: ஆல்கஹால் கலந்த மை நிரப்பிய பேனா, 1, 2, 4 மி.மீ. முனைகளில் வருகிறது, ரீஃபில் மையைத் தனிப் பாட்டிலாகவும் வாங்கலாம். இந்த இரண்டில் எது உசத்தி என்று கேட்பவர்கள் அதிகம். ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது என்பதால் அந்தக் கேள்வியே பொருந்தாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது புரியும். நிஜக் காரில் கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டை 12 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1:24-இல் அது அரை மி.மீ. பேனாவின் மிக மெல்லிய முனையே 1 மி.மீ., அதாவது நிஜக் காரில் 24 மி.மீ. எவ்வளவு நிதானமான கையாக இருந்தாலும், அந்த முனையால் ஜன்னலைச் சுற்றிக் கோடு போட்டால் பட்டை இரு மடங்கு தடித்துத்தான் வரும். போதாததற்கு மை விளிம்பு தாண்டி பெயிண்ட் மேல் வழியும். எனவே நேர்க்கோடாக ஓடும் மெல்லிய பட்டைகள் எல்லாவற்றுக்கும் ஃபாயில். வளைந்த, குழிந்த, உருண்ட பாகங்களுக்குப் பேனா.

ஃபாயிலைப் பற்றி முதலில். ஒரு தாள் சுமார் 6 × 12 அங்குலம். வீணாவதைச் சேர்த்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கார்களுக்கு வரும். குரோம், அல்ட்ரா பிரைட் குரோம், மேட் அலுமினியம் என்று பல வகை உண்டு. ஷோரூமிலிருந்து வந்த புதுக் காராகச் செய்வதென்றால் அல்ட்ரா பிரைட். சிறு எழுத்துகளின் மேடு பள்ளம் அப்படியே மேலே தெரியும் அளவுக்கு இது மெல்லியது. சமையலறை அலுமினியத் தாளைப் பசை போட்டு ஒட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: அது தடிமன், வளைவில் படியாது, விளிம்பு படிக்கட்டு போல நிற்கும்.

ஒட்டும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பட்டையைவிட 3 மி.மீ. அகலம் கூடுதலாக ஒரு கீற்றை, பின்தாளை வெட்டாமல் ஃபாயிலை மட்டும் அறுத்து, ட்வீசரால் மெல்ல உரித்து எடுங்கள். இடத்தில் வைத்ததும் காட்டன் பட்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். பிறகு பல்குச்சியின் முனையைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டு, பட்டையின் இரு ஓரக் காடிகளிலும் ஃபாயில் இறங்கும்வரை அழுத்துங்கள். காடி தெளிவாகத் தெரிந்தால்தான் பிளேடுக்கு வழி கிடைக்கும். அதன்பின் புது பிளேடால், கையின் அழுத்தமே கொடுக்காமல், கத்தியின் எடையே போதும் என்ற அளவில் ஓரத்தை இழுத்து, மிச்சத்தை உரித்துவிடலாம்.

புது பிளேடு என்பதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழுங்கிய பிளேடு ஃபாயிலை வெட்டாது, கூடவே இழுத்துக்கொண்டு போய்க் கிழிக்கும். அப்போது கை தானாகவே அழுத்தும். அழுத்தினால் பெயிண்டையும் கடந்து பிரைமர் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) வரை கோடு விழும். கருநீல பாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் ஓடினால் அதை மறைக்க வழியே இல்லை. ஒரு ஜன்னலுக்கு ஒரு முனை என்று கணக்கு வைத்தால்கூட அது வீண்செலவு ஆகாது.

வளைந்த மூலைகளில் ஒரே கீற்றைச் சுற்றிக்கொண்டு போக முயன்றால் சுருக்கம் விழும். மேல், கீழ், முன், பின் என நாலு துண்டாக ஒட்டி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுங்கள். தேய்த்தபின் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஃபாயிலில் மெல்லிய வரியோட்டம் உண்டு. எல்லாக் கீற்றுகளையும் தாளின் ஒரே திசையில் வெட்டுவது நல்லது, இல்லாவிட்டால் வெளிச்சம் படும்போது ஒரு பட்டை பளிச்சென்றும் பக்கத்துப் பட்டை மங்கலாகவும் தோன்றும்.

ஃபாயில் சரியாக வரவில்லை என்று புலம்புகிறவர்கள் பலரும் தவறு நடந்த இடத்தைத் தாண்டி வந்து தேடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பெயிண்டில் இருக்கும். பிரைமர், நிறம், கிளியர் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) என்று அடுக்கடுக்காக ஏற்றியதில் பட்டையின் ஓரக் காடி நிரம்பிவிடுகிறது. பிளேடு எதைப் பிடித்துக்கொண்டு போகும்? பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே, பாடி வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும்போதே, ஒவ்வொரு பட்டையின் இரு ஓரத்தையும் பிளேடின் பின்முதுகால் இரண்டு மூன்று முறை இழுத்து ஆழப்படுத்தி வையுங்கள். கதவு இடுக்குகளையும் அப்போதே ஆழப்படுத்திவிடலாம். இந்த ஒரு வேலை பின்னால் வரும் வேலையைப் பாதியாக்கும்.

முதல் கார் மாடலுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே வரும். கிட்டில், அதாவது கடையில் வாங்கும் மாடல் பாகங்களின் பெட்டியில், வருவது ஒரு வருட மாடல், உங்களிடம் இருந்தது வேறு வருடம். உங்கள் காரின் பக்கவாட்டில் ஓடிய பட்டை கிட்டில் இருக்காது. அல்லது உங்களுடையது மலிவு ரகம், கிட்டோ எல்லா அலங்காரமும் உள்ள உயர் ரகம். இல்லாத பட்டையை 0.25 × 0.5 மி.மீ. பிளாஸ்டிக் கீற்றால் உண்டாக்கலாம். எவர்கிரீன் நிறுவனத்தின் கீற்றுகள் இந்த அளவிலேயே கிடைக்கின்றன. மாஸ்கிங் டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, அதன் விளிம்போடு கீற்றை வைத்து, மெல்லிய மாடல் சிமெண்ட்டை (பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவப் பசை) பிரஷ் நுனியால் தொட்டால் அதுவே ஓடிப் பரவிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சிமெண்ட் டேப்பின் அடியிலும் ஊறிப் போகும் என்பதால், ஓரிரு புள்ளிகளில் பிடிக்க வைத்ததும் டேப்பை எடுத்துவிட்டு மீதியை ஒட்டுவது நல்லது. இருக்கக் கூடாத பட்டையை உளியால் சீவி, முதலில் 600, பிறகு 1000 எண் நீர்த்தாளில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து எடுக்க வேண்டும். இரண்டும் பெயிண்டுக்கு முந்தைய வேலை. ஆகவே பழைய புகைப்படங்களைக் கிட் பெட்டியைத் திறந்த அன்றே பக்கத்தில் வைத்துப் பட்டை பட்டையாகச் சரிபாருங்கள்.

ஃபாயிலைக் கிளியருக்கு முன் ஒட்டுவதா, பின் ஒட்டுவதா? கிளியருக்கு அடியில் போனால் ஓரம் எந்தக் காலத்திலும் எழும்பாது, ஆனால் பளபளப்பு ஒரு படி இறங்கும். பாலிஷ் போடும்போது பட்டையின் மேட்டில் கிளியர் தேய்ந்து ஃபாயிலும் பிய்ந்துவிடலாம். கிளியர் நன்றாக இறுகி, பாலிஷும் முடித்த பிறகு ஒட்டுவதே எங்கள் பரிந்துரை. ஒரு நிபந்தனை: பாலிஷ் எண்ணெயோ மெழுகோ துளிகூட மிச்சமிருக்கக் கூடாது. இருந்தால் ஃபாயிலின் பசை பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மெழுகுப் பூச்சைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். உரித்த இடத்தில் பசைத் தடம் நின்றால் லைட்டரில் ஊற்றும் நாப்தாவைக் காட்டன் பட்டில் தொட்டுத் துடைக்கலாம். பெயிண்ட் அடித்த ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்பூனில் முதலில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி பேனா. ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மை தானாகவே பரவி, மட்டமாகி, காயும்போது உள்ளே ஒரு கண்ணாடி உருவாகும். வேறெந்தப் பொருளிலும் இவ்வளவு சுலபமாக இது வராது. ஹப்கேப், கதவுக் கைப்பிடி, வைப்பர் கை, கிரில்லின் குறுக்குக் கம்பிகள் எல்லாமே இதன் ராஜ்யம். ஹெட்லைட்டின் முன்கண்ணாடியை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் உள்ளே வெண்படலம் படிந்துவிடும்.

பேனாவில் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு முறை தாராளமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது. மை ஈரமாக இருக்கும்போது உலோகத் துகள்கள் தட்டையாகப் படிந்து ஒரே பரப்பாக நிற்பதால்தான் பிம்பம் தெரிகிறது. பாதி காய்ந்ததன் மேல் மறுபடி முனையை இழுத்தால் அந்த அடுக்கு குலைந்து வெறும் சில்வர் நிறமாகிவிடும். அடிப்பரப்பும் வழவழப்பாக இருக்க வேண்டும். கரடுமுரடான பிரைமர் மேல் பூசினால் குரோமும் கரடுமுரடாகத்தான் வரும். பளபளப்பான கறுப்பு நன்கு காய்ந்திருந்தால் அதைவிட நல்ல அடித்தளம் இல்லை. அது லாக்கராகவோ எனாமலாகவோ இருக்கட்டும். டாமியாவின் எக்ஸ் வரிசை அக்ரிலிக் போன்றவை ஆல்கஹாலில் கரையக்கூடியவை, மை பட்டால் இளகும்.

இதன் பெரிய பலவீனம் காயும் நேரம். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும், அதை நம்பி விரல் வைத்தால் ரேகை அப்படியே பதியும். ஒரு வாரம் மூடிய டப்பாவில் விட்டுவிடுவது நல்லது. அதற்குப் பிறகும் மாஸ்கிங் டேப் ஒட்டக் கூடாது. டேப்போடு குரோமும் வந்துவிடும். மேலே கிளியர் அடித்தாலும் கண்ணாடித்தன்மை போய் அலுமினியம்போல் மங்கும். ஆகையால் பேனா வேலை எப்போதும் கடைசி வேலை. ஒரு சௌகரியமும் உண்டு: தவறு நேர்ந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

பம்பர் தனிக் கதை. கிட்டில் வரும் பம்பர் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே குரோம் பூசியதாக இருக்கும். அதில் இரண்டு குறை: அச்சு சேர்ந்த கோடு நீளத்துக்கும் தெரியும், ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும். வெட்டிய தழும்பு மட்டும் என்றால் பேனாவால் ஒரு தொடு போதும். அச்சுக்கோடு பம்பரின் முகத்திலேயே ஓடினால் குரோமை முழுதாக நீக்குவதுதான் வழி. துணிக்கு ஊற்றும் குளோரின் பிளீச்சில் ஊறவைத்தால் உலோகப் படலம் கரைந்துவிடும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிளீச்சோடு வேறெந்தத் துப்புரவு திரவத்தையும் கலக்கவே கூடாது. பிறகு கோட்டைத் தேய்த்து, பளபளக் கறுப்பு அடித்து, இரண்டு நாள் விட்டு, ரீஃபில் மையை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தூவும் சிறு கருவி) குறைந்த அழுத்தத்தில், 15 பி.எஸ்.ஐ. வாக்கில் அடிக்கலாம். பம்பர் அளவுள்ள பரப்பில் பேனா முனையை இழுத்தால் கோடு கோடாகத் தெரியும், ஏர்பிரஷ் இல்லாதவர்கள் தொழிற்சாலைக் குரோமையே வைத்துக்கொள்வது மேல்.

பெயர் எழுத்துக்கு ஃபாயிலை வேறு மாதிரிப் பயன்படுத்த வேண்டும். டிக்கியில் சாய்வெழுத்தில் உள்ள பெயர் 1:24-இல் மயிரிழை அகலம். பெயிண்டுக்குப் பிறகு அதன்மேல் ஃபாயில் ஒட்டி வெட்டுவது நடக்காத காரியம். பிரைமர் காய்ந்ததும் எழுத்தை மூடி ஒரு சிறு ஃபாயில் துண்டை ஒட்டி, நன்றாகத் தேய்த்துப் பதிய வைத்து, அதன்மேல் நிறம் அடியுங்கள். நிறம் காய்ந்ததும், கிளியருக்கு முன், தின்னரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, எழுத்தின் மேட்டை மட்டும் தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் பெயிண்ட் விலகி, அடியிலிருக்கும் ஃபாயில் எழுத்தெழுத்தாக வெளியே வரும். துணி தொங்கலாக இருந்தால் பள்ளத்திலும் பெயிண்ட் போய்விடும். இந்த எழுத்துமேல் கிளியர் ஏறத்தான் செய்யும். இவ்வளவு சிறிய பரப்பில் மங்கல் தெரியாது.

எல்லோருடைய முதல் காரும் புதுசாக வந்திருக்காது. மூன்றாவது கை மாறி வந்த காரின் பம்பர் புள்ளி விழுந்திருக்கும், பட்டைகள் மங்கியிருக்கும். அப்படிப்பட்ட காரைச் செய்பவர்கள் அல்ட்ரா பிரைட்டை விட்டுவிட்டு மேட் அலுமினியம் வாங்கலாம். பேனா வேலையின் மேல் மெல்லிய கிளியர் ஒரு கோட் போட்டால், மேலே குறையாகச் சொன்ன அதே மங்கல் இங்கே வயதான குரோமாக உட்காரும். கிரில் இடுக்குகளில் நீர்த்த கறுப்பு எனாமலை ஓடவிட்டால் ஆழமும் அழுக்கும் ஒருசேரக் கிடைக்கும்.

முதன்முதலாக வாங்குவதென்றால் ஒரு தாள் ஃபாயில், 1 மி.மீ. பேனா ஒன்று, 2 மி.மீ. ஒன்று போதும். 4 மி.மீ. முனை 1:24-க்கு அவசியமில்லை. ரீஃபில் பாட்டில் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு. ஃபாயில் நாள்பட்டால் பசை காய்ந்து, உரிக்கும்போது கீற்று துண்டு துண்டாக உடையும். எனவே தாளைச் சுருட்டாமல், மடிக்காமல், காற்றுப் புகாத பையில் தட்டையாக வையுங்கள். வாங்கியதும் ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றை வெட்டி உரித்துப் பாருங்கள். முழுசாக வந்தால் தாள் புதுசு. பின்தாளிலேயே பசையை விட்டுவிட்டுக் கிழிந்தால் அன்றே கடையில் மாற்றிக் கேளுங்கள்.