மாடிப்படித் திருப்பத்தில் நின்றுபோகும் குரல்: மெஷ் வைஃபையோடு மூன்று வருடம்

நங்கநல்லூரிலிருந்து சித்தி போன வாரம் கூப்பிட்டார். அவர்கள் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்புகிறார்கள். "உங்க வீட்ல மொட்டை மாடி வரைக்கும் வைஃபை வருதே, என்ன பெட்டிப்பா வாங்கினே?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்று காலைதான் கோயம்புத்தூர் விடுதியில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டே படி ஏறினேன், அதே திருப்பத்தில் அவள் குரல் நின்றுபோனது. தேர்வு எப்படி எழுதினாள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். "யோசிச்சுச் சொல்றேன் சித்தி" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு பெரம்பூரில். கீழே அப்பா அம்மா, முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேல் ஒரே ஓர் அறையும் மொட்டை மாடியும். கீழ்த்தளச் சுவர்கள் எல்லாம் ஒன்பது இன்ச் செங்கல். தெருக் கம்பம் வாசல் பக்கம் இருப்பதால் ஃபைபர் இணைப்பும் முன் ஹாலிலேயே வந்து இறங்குகிறது. முதலில் வைஃபையை வாங்கித் தூரத்துக்கு நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் ஒன்று வைத்திருந்தோம். அது வேறு பெயரில் தனி நெட்வொர்க் காட்டும். அம்மா மேலே போனால் போன் கீழ்ப் பெயரையே பிடித்துக்கொண்டு ஒற்றைக் கோட்டில் நிற்கும். எந்தப் பெயரைத் தொட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்ல வேண்டும்.

2022-ல் மூன்று பெட்டி கொண்ட மெஷ் செட் வாங்கினோம். மாடிக்கு ஒன்றாக வைத்தால் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே நெட்வொர்க்காக இயங்கும். அந்தத் தொல்லை அன்றே ஒழிந்தது. வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அடுத்த சித்திரையில் கிடைத்தது. மொட்டை மாடியில் வடாம் பிழியும்போது அம்மா போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, மதுரையில் இருக்கும் பெரியம்மாவோடு வீடியோவில் பேசினார். "கூழ் இன்னும் கொஞ்சம் இளக்கமா இருக்கணும்டி" என்று பெரியம்மா அங்கிருந்தே பார்த்துச் சொன்னார். அக்கா தங்கை இருவரும் சேர்ந்து வடாம் போட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் எனக்குச் செரித்துவிட்டது.

ஆனால் அந்தப் படித் திருப்பம். கீழிருந்து ஏறும்போது பன்னிரண்டாவது படியில் திரும்புவோம், அங்கே அழைப்பு இரண்டு மூன்று விநாடி செத்துவிடும். சில நாள் அதோடு துண்டித்தும் போகும். மாடிக்கு மாடி நடந்தாலும் இடைவெளியே தெரியாது என்று அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். நான் நம்பித்தான் வாங்கினேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இதில் பாதிப் பழி பெட்டிக்கு இல்லை. எந்தப் பெட்டியோடு இணைவது என்று முடிவெடுப்பது போன்தான். பெட்டி யோசனை சொல்லலாம், கட்டாயப்படுத்துவது கடினம். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; அது மைனஸ் 70-க்குக் கீழே போனால்தான் ஐபோன் வேறு பெட்டியைத் தேடவே தொடங்கும், பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் புதுப் பெட்டி 8 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் தாவும் என்று ஆப்பிள் நிறுவனமே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. மற்ற போன்களுக்கும் இதுபோலத் தனித்தனிக் கணக்கு உண்டு. எங்கள் வீட்டில் கீழ்ப் பெட்டி படிக்கட்டுக்கு எதிரே இருந்தது. திறந்த படிக்கட்டு வழியே அதன் சிக்னல் கொழுகொழுவென்று மேலே வரும், போனும் நிம்மதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். திரும்பிய நொடியில் கம்பி கட்டிய கான்கிரீட் குறுக்கே வந்து சிக்னல் ஒரேயடியாக விழும். போன் விழித்துப் பார்ப்பதற்குள் குரல் போய்விடும்.

சரி, கீழ்ப் பெட்டியைப் பின்பக்கம் தள்ளி வைத்தால் சிக்னல் படிப்படியாகக் குறையும், போன் முன்கூட்டியே மேல் பெட்டிக்கு மாறிவிடும் அல்லவா? அங்கேதான் சிக்கல். வயர் இல்லாமல் ஓடும்போது கீழ்ப் பெட்டியின் சிக்னல்தான் மேல் பெட்டிக்குச் சோறு. தள்ளி வைத்தால் மேல் மாடி பட்டினி. ஏற்கெனவே 200 எம்பிபிஎஸ் இணைப்பில் கீழே 190 வரும், முதல் மாடியில் 80, மேல் அறையில் 25 தாண்டினால் பெரிது. இரண்டு பேண்ட், அதாவது இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள செட், பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி அலைவரிசை இல்லை என்பதால், ஒரே ரேடியோ கீழிருந்து வாங்கவும் வேண்டும், நம் போனுக்குக் கொடுக்கவும் வேண்டும். ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாவது அதனால்தான்.

மெஷ் செட்டின் செயலியில், போன் பெட்டி மாறுவதை வேகப்படுத்த வேக ரோமிங் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டதும் பழைய பிரிண்டர் இணைய மறுத்தது. சிக்னல் பலத்தைக் குறைக்கும் வசதியைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. நிறுவனத்தின் உதவி எண்ணில் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். நான்கு முறை கூப்பிட்டேன், நான்கு முறையும் அதையேதான் சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

கடைசியில் வயர் இழுத்தோம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வெயில் தாங்கும் கறுப்பு உறை கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்கினேன். விலை குறைவாகச் சொன்னால் உள்ளே செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். கேட்டு, முனையைச் சுரண்டிப் பார்த்து, முழுச் செம்பாகவே வாங்குங்கள். வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்த பைப்பில் கரண்ட் வயரோடு சேர்த்துப் போக மனம் ஒப்பவில்லை. வெளிச்சுவரில் தனி பிவிசி பைப் அடித்து மொட்டை மாடி வரை கொண்டுபோனோம். சுவரில் மூன்று இடத்தில் ஓட்டை, அப்பாவுக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை.

முதல் நாள் மேல் அறையில் வேகம் 94-ல் நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் 94-ஐத் தாண்டாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எங்காவது ஒரு கம்பி கிளிப்பில் சரியாக உட்காராவிட்டால் இணைப்பு அமைதியாக நூறுக்கு இறங்கி, கையில் தொண்ணூற்றுச் சொச்சம்தான் வரும். எலக்ட்ரீஷியன் தம்பி பொறுமையாக வந்து முனையை வெட்டி மறுபடி கிளிப் அடித்தார். 190 வந்தது, மொட்டை மாடி அறையில்!

அப்புறம் கீழ்ப் பெட்டியைப் பின் அறைக்கு மாற்ற முடிந்தது. முதல் மாடிப் பெட்டியைப் படி ஏறியதும் தெரியும் இடத்தில் வைத்தோம். திருப்பத்தில் குரல் போவது பெருமளவு நின்றது. பத்தில் ஒரு முறை இன்னும் போகிறது. அந்த ஒரு முறை மகள் தேர்வைப் பற்றிப் பேசும்போதுதான் வந்தது.

மின்வெட்டையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு ஒரு அடாப்டர் என்பதால் மூன்றுக்கும் தனித்தனியாக மாற்று மின்சாரம் வேண்டும். மேல் அறைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை, பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் மேலே எதுவும் இல்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், இதையே மறுபடி வாங்குவேனா என்றால் மாட்டேன். வடாம் கதையைச் சொல்லி அம்மா என்னோடு சண்டைக்கு வருவார், தெரியும். ஆனாலும் சித்திக்கு வேறு சொல்லியிருக்கிறேன். அலுவலகங்களில் கூரையில் மாட்டும் வட்டமான ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வயரில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, மாடிக்கு ஒன்று. டேட்டா கேபிளிலேயே அதற்கு மின்சாரமும் போகும். கீழே ஒரே ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் இரண்டும் ஓடும். ஒவ்வொன்றின் சிக்னல் பலத்தையும் நாமே குறைக்கலாம், கூட்டலாம்.

அதைவிட முக்கியம் காலிப் பைப். நேற்று நேரிலேயே போனேன். தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள், வியாழக்கிழமை கான்கிரீட். கீழ் ஹாலிலிருந்து மேல்மாடிக் கூரை நடுவரை ஓர் இன்ச் பைப், உள்ளே இழுப்பதற்கு ஒரு கம்பி, கரண்ட் பைப்போடு சேராமல் தனியாக என்று மேஸ்திரியிடம் சொல்லி, பைப் மேலே எழும்ப வேண்டிய இடத்தில் சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.