பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: தீயணைப்பு சிலிண்டரில் பச்சையில் நிற்கும் முள்ளை நம்பாதீர்கள்

காருக்குத் தீயணைப்பு சிலிண்டர் வாங்கி ஏமாந்தது மொத்தம் ₹7,400. போன பணம் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர் போடப் போவதில்லை. சேலம் டவுனுக்குள், கார் ஆக்சஸரீஸோடு தீயணைப்பு சிலிண்டரும் விற்கிற கடை, அவ்வளவுதான். "அந்தக் கடையா, இந்தக் கடையா" என்று இன்பாக்ஸில் வராதீர்கள்.

வண்டி பழைய பெட்ரோல் அம்பாசிடர். அந்த 1489 சிசி இன்ஜினைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கார்புரேட்டரும் சூடான புகை போகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் நீடில் வால்வு சிக்கிப் பெட்ரோல் வழிந்தாலும் சரி, ஹோஸ் நுனி வெடித்துச் சொட்டினாலும் சரி, விழுகிற இடம் கொதிக்கிற இரும்பு. அதே பானட்டுக்குள் பொறி கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, நாற்பது வருஷத்து ஒயர்கள். மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம் பெட்ரோல், அதற்கு ஒரு சின்னப் பொறி போதும். ஏற்காடு அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் செகண்ட் கியரில் ஏறும்போது வண்டி வேகம் போகாது, ரேடியேட்டருக்குள் காற்று வராது, பானட்டுக்குள் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஏற்காட்டுக்குப் பழைய வண்டியில் சிலிண்டர் இல்லாமல் போகக்கூடாது என்பது இதனால்தான், பந்தாவுக்கு அல்ல.

கடையில் சொன்னது "பழைய வண்டி ஃபயர் பேக்கேஜ்". 2 கிலோ ஏபிசி பவுடர் (சீட்டு-துணி, பெட்ரோல், காஸ் என மூன்று வகைத் தீக்கும் ஆகிறது) சிலிண்டர் ₹2,600. 1 கிலோ சிலிண்டர் ₹1,600. இரண்டுக்கும் இரும்பு பிராக்கெட் ₹700. பெட்ரோல் ஹோஸ் முழுக்க மாற்றி புது கிளிப் போட ₹900. பேட்டரி கரண்டை ஒரேயடியாகத் துண்டிக்கிற கட்-ஆஃப் சுவிட்ச், கூலியோடு ₹1,600. கூட்டிப் பாருங்கள், ₹7,400.

விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கடைக்காரர் பேசிய பேச்சு அப்படி. ரீஃபில் போதுமா என்று கேட்டதற்கு அவரே தலையை ஆட்டினார். "வேண்டாங்ணா. ரீஃபில்ல ஊர் பூரா ஏமாத்துறானுங்க. பவுடருக்குப் பதிலா என்னத்தையோ கொட்டி அனுப்பறானுங்க. உயிர் விஷயம், புதுசா எடுத்துக்குங்க." அடுத்தவன் ஏமாற்றுவான் என்று எச்சரிக்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? சிலிண்டரைத் திருப்பி ஐஎஸ்ஐ முத்திரையைக் காட்டினார். பிரஷர் காட்டும் கேஜை விரலால் தட்டி, "பாருங்க, பச்சையில நிக்குது" என்றார். அமுக்கிக் காட்டட்டுமா என்றும் அவரே கேட்டார். "ஆனா ஒரு சொட்டு விட்டாலும் பிரஷர் இறங்கிடும், அப்புறம் ரீஃபில் பண்ணித்தான் ஆகணும்." அது உண்மை. ஒருமுறை லீவரை அழுத்திவிட்டால் வால்வு சீட்டில் பவுடர் சிக்கிக்கொண்டு மெல்ல மெல்லக் காற்று கசிந்துவிடும். அந்த உண்மையை வைத்தே வாயை அடைத்துவிட்டார். இந்தப் பொருளை வாங்கும்போது சோதித்துப் பார்க்க முடியாது என்பதுதான் இந்த வியாபாரத்தின் முதலீடு.

பில் கேட்டால் எஸ்டிமேட் தாளில் எழுதித் தந்தார். "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் சேரும், உங்களுக்கு எதுக்குங்ணா."

முதலில் காட்டிக்கொடுத்தது ஹோஸ். ஏற்காடு ஏறி வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் வாடை. பானட்டைத் தூக்கினால், கார்புரேட்டர் முனையில் கிளிப்புக்கு ஒட்டி ஹோஸ் வியர்த்திருந்தது. துடைத்தால் மறுபடி ஈரம். ரப்பரைக் கிள்ளினால் நகம் பதிந்து அப்படியே நிற்கிறது. நீளம் முழுக்கத் தேடினாலும் ஒரு எழுத்து இல்லை. பெட்ரோலுக்கான ஹோஸ் என்றால் மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்7 அல்லது ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரகம் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும், இல்லாவிட்டால் காய்ந்து வெடிக்கும். எத்தனாலுக்குத் தாங்குகிற ஆர்9 மீட்டருக்குக் கூடுதல் விலைதான், ஆனால் இந்த வண்டிக்கு ஆகிற மொத்த நீளமே சில அடி. அவர்கள் போட்டது ஏதோ தண்ணீர், காற்று போகிற குழாய். கிளிப்பும் பட்டையில் வெட்டுப்பல் போட்ட மலிவு ரகம், இறுக்க இறுக்க ரப்பரையே அறுக்கிறது. பட்டை வழவழப்பாக, ஓரம் மடித்த கிளிப் கேட்டு வாங்க வேண்டும்.

ஹோஸில் இப்படிச் செய்தவன் சிலிண்டரில் என்ன செய்திருப்பான்? 2 கிலோ சிலிண்டரை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். லேபிளில் மொத்த எடை 3.4 கிலோ என்று போட்டிருக்கிறது. தராசு காட்டியது 2.6. முக்கால் கிலோவுக்கு மேல் பவுடரே இல்லை!

திறந்த வெளியில் பின்னை உருவி அழுத்தினேன். 2 கிலோ சிலிண்டர் என்றால் எட்டு நொடியாவது சீறி அடிக்க வேண்டும். இது இரண்டு நொடி புஸ்ஸென்று ஊதிவிட்டு, மீதியைக் காலடியிலேயே கொட்டியது. அதைவிடக் கொடுமை, சிலிண்டர் காலியான பிறகும் முள் பச்சையிலேயே நிற்கிறது. கேஜ் கண்ணாடியைப் பெயர்த்துப் பார்த்தால் முள்ளின் நடு அச்சில் ஒரு சொட்டு பசை. காய்ந்து மஞ்சளாகியிருக்கிறது. முறைப்படி உலர்ந்த நைட்ரஜனை 15 பார் அளவுக்கு ஏற்ற வேண்டும். இதில் ஏற்றியது பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காற்றில் ஈரம் உண்டு, அதுவே பவுடரைக் கட்டி பிடிக்க வைக்கும். உள்ளே கட்டி கட்டியாகத்தான் இருந்தது.

பவுடரையும் விடவில்லை. ஏபிசி பவுடரில் முக்கியச் சரக்கு மோனோ அமோனியம் பாஸ்பேட், 50 சதவீதம், 90 சதவீதம் என்று இரண்டு ரகம் விற்கிறார்கள். எனக்கு 90 என்று சொல்லித்தான் விற்றார்கள். நல்ல பவுடரில் ஈரம் ஒட்டாமல் இருக்க சிலிக்கான் பூச்சு கொடுத்திருப்பார்கள், ஒரு டம்ளர் தண்ணீரில் தூவினால் மேலேயே மிதக்கும். இது விழுந்தவுடன் மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்தது, தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைத்துப் பொங்குகிறது. பாஸ்பேட் பொங்காது. பொங்குவது சோடா உப்பு வகை, இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கல் தூள். சோடா உப்பு வகையான பிசி பவுடராக இருந்தால்கூடப் பெட்ரோல் தீக்கு ஆகும், சீட்டும் கார்ப்பெட்டும் பற்றினால் ஆகாது. ஆனால் பிசி பவுடரும் தண்ணீரில் இப்படி மூழ்காது. சேர்வராயன் மலை அடிவாரமெல்லாம் வெள்ளைக்கல் தோண்டுகிற ஊரில் வெள்ளைத் தூளுக்கா பஞ்சம்.

ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். பெயிண்ட்டைச் சுரண்டினால் கழுத்தில் குத்தியிருக்கும் வருஷம் 2011. ஐஎஸ் 2190 என்ற இந்தியத் தர விதிப்படி பவுடர் சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ராலிக் பிரஷர் டெஸ்ட், ஆயுள் 10 வருஷம். ஆயுள் முடிந்து காயலான் கடைக்குப் போனதைப் புதுசு என்று ₹2,600-க்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். இது வெறும் பவுடர் மோசடிகூட அல்ல. அரித்த தகடு சித்திரை வெயிலில் மூடிய காருக்குள், சீட்டுக்கடியில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கட்-ஆஃப் சுவிட்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒயர் நுனியில் மாட்டும் லக்கை அதற்கான கருவியால் கிரிம்ப் பண்ணாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கி விட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அந்த இடம் கை வைக்க முடியாமல் சுடுகிறது. தீயைத் தடுக்கப் போட்ட சுவிட்சே தீ வைக்கத் தயார்.

இனி அவர்கள் பதில்கள். முதல் போனில், "ஓனர் ஊர்ல இல்லீங்க." அடுத்ததில், "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கணும், சிலிண்டரைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க." ஆதாரத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வர வேண்டுமாம். நேரில் போனால், புதுசு எடுத்துக்குங்க என்று பாசமாகப் பேசிய அதே ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லீவரை அமுக்கினது நீங்கதானே? அமுக்கிட்டா வாரண்டி இல்லை." பசை போட்ட முள்ளைக் காட்டினேன். "வண்டிச் சூட்டுல அப்படி ஆகும்." ஹோஸ்? "பெட்ரோல் சரியில்லை, பங்குல போய்க் கேளுங்க." பில்லைக் காட்டினால், "இது எஸ்டிமேட்டுங்க, பில் இல்லை." கடைசியில் சொன்னாரே ஒரு வார்த்தை: "ஏழாயிரத்து நானூறு ரூபாய்க்கு ஏங்ணா இவ்வளவு சத்தம்?" வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை.

₹7,400. எட்டு நொடி வேலை செய்ய வேண்டிய பொருளுக்கு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை போய்விட்டது. அவசரத்துக்கு இவ்வளவு: ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 15683, கீழே சிஎம்/எல் என்ற லைசென்ஸ் எண் இருக்கும். அந்த எண்ணைக் கடையில் நின்றபடியே அரசின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். நான் வாங்கியதில் இருந்த எண் ஆப்பில் வரவே இல்லை. தராசில் வைக்காமல் காசு கொடுக்காதீர்கள், லேபிள் எடைக்கும் அதற்கும் நூறு கிராம் வித்தியாசம் வந்தாலும் வேண்டாம். கழுத்தில், அடியில் குத்தியிருக்கும் வருஷத்தைப் பாருங்கள், பெயிண்ட் தடித்திருந்தால் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள், 18 சதவீதம் போனால் போகிறது.

சிலிண்டரை டிக்கியில் போடாதீர்கள், டேங்க் அந்தப் பக்கம்தான். டிரைவர் சீட்டுக்கு முன்னால், கை எட்டுகிற இடத்தில், இரும்புப் பட்டையோடு. மலைப்பாதை அதிர்வில் பவுடர் அடியில் இறுகிவிடும், மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள்.

புகை வந்தால் சாவியை அணைத்து முதலில் ஆட்களை இறக்குங்கள். பானட்டை முழுசாகத் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ மூஞ்சிக்கு வரும். லாக்கை மட்டும் விடுவித்து அந்த இடுக்கு வழியாக, காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று அடியுங்கள். ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அடங்கவில்லை என்றால் வண்டியை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் 101 அல்லது 112. அணைந்துவிட்டால் பவுடரை அன்றைக்கே கழுவிவிடுங்கள், மிச்சம் இருந்து ஈரம் பட்டால் அலுமினியத்தையும் ஒயரிங்கையும் அரிக்கும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே இல்லாமல் 130/100 வாட் பல்பு போட்டிருப்பவர்கள் இன்றே கழற்றுங்கள். அதுவும் ஒயரிங்கைச் சுட்டுத் தீ வைக்கும், இதைத் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு முடியாது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. 1 கிலோ சிலிண்டரை இன்னும் அழுத்தவில்லை, ஆதாரமாகச் சீல் உடையாமல் வைத்திருக்கிறேன். சேலத்திலோ ஈரோட்டிலோ, கண் முன்னால் பிரஷர் டெஸ்ட் செய்து, பவுடரை எடை போட்டு, நைட்ரஜன் ஏற்றித் தருகிற இடம் யாருக்காவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள். அடுத்த வாரம் வண்டி மலையேற வேண்டியிருக்கிறது.