பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம்

ஆட்டுப்பட்டியைச் சுற்றிய மின்வேலிக்கு நான் வாங்கியது 12 வோல்ட் எனர்ஜைசர், அதாவது வேலிக் கம்பிக்கு மின் துடிப்புகளை அனுப்பும் கருவி. சோலார் பலகையும் பேட்டரியும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய வகை. கோடை, மழை இரண்டையும் பார்த்துவிட்டது. நல்ல கருவிதான், ஆனால் அட்டைப்பெட்டி கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறது.

கொட்டை எழுத்தில் ‘10 கிலோமீட்டர்’ என்று போட்டிருக்கிறார்கள். அது புல் பூண்டு எதுவும் தொடாத ஒற்றைக் கம்பிக்கான கணக்கு. ஐந்து வரிசை இழுத்தால் வேலியின் நீளம் 2 கிலோமீட்டர்தான். களை ஏறினால் அதுவும் இல்லை. பார்க்க வேண்டியது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஜூல் அளவை, அதாவது ஒரு துடிப்பின் ஆற்றலை. அதிலும் இரண்டு உண்டு: உள்ளே சேமிப்பது, கம்பிக்கு அனுப்புவது. இதில் சேமிப்பு 1 ஜூல், வெளியே வருவது 0.7. விற்பவர் வாயில் முதல் எண் மட்டும்தான் வருகிறது.

வேலி சுத்தமாக இருந்தபோது வேலி மீட்டர் 8,000 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மழைக்குப் பின் கீழ்க்கம்பியில் கோரை படர்ந்ததும் 3,000-க்கு இறங்கிவிட்டது. மாட்டுக்கு அது போதும். ஆட்டுக்கு 4,000 ஆவது வேண்டும். அதற்குக் குறைந்தால் வெள்ளாடு ஒருமுறை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, கூசாமல் நுழைந்துவிடுகிறது.

கருவியோடு கொடுத்த எர்த் கம்பியைக் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு முழம்கூடத் தேறாது! கம்பியைத் தொடும் விலங்கின் உடல் வழியே மின்சாரம் மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாகக் கருவிக்குத் திரும்பினால்தான் அடி விழும். காய்ந்த மண்ணில் அந்தப் பாதை அறுந்ததுபோலத்தான். 2 மீட்டர் நீளத்தில் மூன்று துத்தநாகப் பூச்சுக் கம்பிகளை, 3 மீட்டர் இடைவெளியில், ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அடித்தேன். அதன் பிறகு அதே எனர்ஜைசர் வேறு கருவியாகிவிட்டது. வீட்டு மின் இணைப்பின் எர்த்தோடு இதைச் சேர்க்கக் கூடாது, தள்ளியே இருக்க வேண்டும்.

அடைமழை நாட்களில் பேட்டரி சோர்ந்து, துடிப்புகளின் இடைவெளி நீண்டது. பலகை சிறியது. கூட்டோடு ஒட்டியிருப்பதால் பெரிதாக மாற்றவும் வழியில்லை. பட்டி வரை மின் இணைப்பு இருப்பவர்கள் அதில் ஓடும் எனர்ஜைசரையே வாங்கலாம், அதே பணத்துக்குக் கூடுதல் ஜூல் கிடைக்கும். அதற்காக இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள், அது ஆளையே கொன்றுவிடும். எனர்ஜைசர் நொடிக்கு ஒருமுறை அளவில், கண நேரத் துடிப்பைத்தான் அனுப்புகிறது. அந்த இடைவெளியில் தொட்டவர் கையை எடுத்துக்கொள்ளலாம்.

மாடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவியைத் தாராளமாகச் சொல்வேன். ஆடு வைத்திருப்பவர்கள் இதற்கு அடுத்த அளவை, பலகை தனியாக இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே வேலி மீட்டர் ஒன்றும் வேண்டும். கருவியில் மின்னும் பச்சை விளக்குக்கு வேலியின் கடைசி மூலையில் என்ன நடக்கிறதென்று தெரியாது.