டப்பா ஃபில்டரா, எலிமென்ட் ஃபில்டரா?
பழைய டீசல் பிக்கப்பில் டப்பா ஆயில் ஃபில்டர் (இன்ஜின் ஆயிலை வடிகட்டும் உலோக டப்பா, முழுசாகவே மாற்றுவது), இப்போதையதில் காகித எலிமென்ட் (மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மடித்த காகிதத்தை மட்டும் மாற்றுவது). ரெண்டையும் அம்பத்தூர் வீட்டு வாசலில் நானே மாற்றியிருக்கிறேன். டப்பாதான் சுலபம். புதுசின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் ஒட்டியதும் கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினால் போதும். ஆனால் பழைய ரப்பர் சில நேரம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும், அதைக் கவனிக்காமல் மாட்டி, ஆயில் பீய்ச்சியடித்து வாசல் கோலத்தையே நாசமாக்கி வீட்டில் திட்டு வாங்கியவன் நான். எலிமென்ட்டில் தூக்கிப் போடும் குப்பை குறைவு, மடிப்பில் உலோகத்தூள் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிடலாம். ஆனால் மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) ஒவ்வொரு தடவையும் மாற்றணும், பிளாஸ்டிக் மூடியை அதில் பொறித்த அளவுக்கு (பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டர்) மேல் இறுக்கினால் விரிசல்தான். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையா? அப்போ டப்பா ஃபில்டர் வண்டியே மேல்.